சிறு சங்கங்களும் வெளியார் தரும் தொழில்நுட்பத் துணையும்

தமிழ் மக்கள் அலுவலை முன்னிட்டோ பிழைப்பை நாடியோ வேற்று மாநிலங்களில் குடியேறும்பொழுது, சில ஆண்டுகளுக்குள் அங்கே ஒரு சங்கம் தோன்றிவிடுவது வழக்கம். 1946 ஆம் ஆண்டில் தில்லித் தமிழ்ச் சங்கமும், 1950 ஆம் ஆண்டில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் அவ்வாறு தோன்றியவையே. இவை இன்று நிலைபெற்ற பெரிய அமைப்புகள். நாம் இங்கே பேசக் கருதுவது இவற்றைப் பற்றியன்று. அங்கத்தினர் ஒருவரின் வீட்டு மாடியறையிலோ, கோயிலை ஒட்டிய கூடத்திலோ இயங்கிவரும் சிறு சங்கங்களைப் பற்றியது இவ்வுரை. இரண்டு பீரோ நிறைய நூல்கள், ஞாயிறுதோறும் சிறுவர்களுக்குத் தமிழ் வகுப்பு, ஆண்டுக்கொரு பொங்கல் விழா, வசதியற்ற மாணவர்களின் பள்ளிக் கட்டணத்துக்கு ஓர் உதவி, வேலைக்கு வந்த இடத்தில் இறந்தவரைச் சொந்த ஊருக்கு அனுப்பிவைக்க ஒரு சிறு நிதி — இத்தகைய சங்கங்களின் பணி இவ்வளவே. ஆயினும் அவ்வூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்பணி பெரிது.

முன்னாளில் இச்சங்கங்களின் காரியங்கள் நான்கு நோட்டுப் புத்தகங்களில் அடங்கின. அங்கத்தினர் பட்டியல் ஒன்று, வரவு செலவுக் கணக்கு ஒன்று, நூல் வழங்கும் பதிவேடு ஒன்று, உதவி பெற்றோர் விவரம் ஒன்று. இன்று அந்நான்கும் கணிப்பொறிக்குள் சென்றுவிட்டன. சந்தாவும் நன்கொடையும் கைப்பேசி வழியாக வருகின்றன. அழைப்பிதழ்கள் மின்னஞ்சலில் செல்கின்றன. சங்கத்துக்கென ஓர் இணையதளமும் இருக்கிறது. இவற்றையெல்லாம் அமைத்தவர் பெரும்பாலும் ஒருவரே. அலுவல் முடிந்த மாலை வேளையில் அன்பின் காரணமாக அவர் செய்த தொண்டு அது.

வேற்று மாநிலச் சங்கங்களுக்கே உரிய இடர் இங்கேதான் தோன்றுகிறது. அவற்றின் அங்கத்தினர்களில் பலர் மாற்றலுக்கு உட்பட்டவர்கள். ஒருவர் மூன்று ஆண்டு இருப்பார். மற்றொருவர் ஓய்வு பெற்றதும் ஊர் திரும்புவார். நோட்டுப் புத்தகத்தை விட்டுச் செல்லலாம்; கடவுச்சொல்லையோ அவர் தம்முடன் எடுத்துச் சென்றுவிடுகிறார், தாமறியாமலே. ஓராண்டு கழித்து இணைய முகவரிக்குரிய கட்டணம் கட்டப்படாமல் அம்முகவரி பிறர் கைக்குப் போகிறது. அங்கத்தினர் பட்டியல் திறக்க முடியாத பூட்டுக்குள் கிடக்கிறது. நள்ளிரவில் ஒரு தொழிலாளி விபத்துக்குள்ளாகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்த ஊரினர், யாருக்குச் சொல்லி அனுப்புவது என்பதைத் தெரிவிக்கும் ஏடு அந்நேரத்தில் கிட்டாமற்போனால், சங்கம் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். ஆகவே வெளியிலிருந்து தகுந்த தொழில்நுட்பத் துணையைப் பெறுவது எவ்வாறு என்பதைச் சிறு சங்கத்தாரும் ஆராய்ந்தறிதல் வேண்டும்.

இத்தேவை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1987 ஆம் ஆண்டில் கம்ப்யூமென்டர் என்றோர் அமைப்பு தொடங்கப்பட்டது. கணிப்பொறி அறிந்தவர்களையும், அவ்வறிவு தேவைப்படும் சிறு தொண்டு நிறுவனங்களையும் ஒன்றுசேர்ப்பதே அதன் நோக்கம். அது பின்னர் டெக்சூப் என்னும் பெயருடன் பல நாடுகளிலும் பரவியது. 1990களில் அந்நாட்டில் வேறொரு முறையும் தோன்றிற்று. முற்காலத்தில் மெதடிஸ்டு சமயப் போதகர் சிலர் குதிரையேறி, ஒரு வட்டாரத்துச் சிற்றூர்கள் பலவற்றுக்கும் முறைவைத்துச் சென்று வந்தனர். அவர்களுக்கு வழங்கிய பெயரையே தாங்கி, தொழில்நுட்பம் அறிந்த ஒருவர் பல சிறு அறநிலையங்களுக்கு முறையாகச் சென்று உதவும் ஏற்பாடு அது. தனித்தனியே ஒரு நிபுணரை அமர்த்த இயலாத பல அமைப்புகள் ஒருவரைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது இதனால் விளங்குகிறது. ஒரு நகரத்தில் தமிழ்ச் சங்கம், பஜனை சமாஜம், மலையாளிகளின் வாசகசாலை, தெலுங்கு அன்பர்களின் கலைக் கழகம் எனப் பல இருக்கும். அவை கூடி ஒரு நல்ல தொழில்நுட்பரை மாதம் இருமுறை வரச்செய்தால் ஒவ்வொன்றின் செலவும் மிகக் குறைந்துபோகும்.

துணை தேடுமுன் நம் தேவை இன்னதென நாமே தெளிதல் முதற்கடன். “எங்களுக்கு ஓர் இணையதளம் வேண்டும்” என்று கேட்கும் சங்கங்கள் பல. இணையதளம் எதற்கு என்று வினவினால் விடை வருவதில்லை. கேட்பதை ஒரே தாளில் எழுதிக்கொள்வது நலம். அங்கத்தினர் எத்தனை குடும்பம், நூல்கள் எத்தனை, இப்பொழுது கணக்கு எவ்வாறு எழுதப்படுகிறது, எந்த இடத்தில் தடை நேர்கிறது, கணிப்பொறிகள் எத்தனை ஆண்டு பழையவை, ஆண்டுக்கு எவ்வளவு செலவிட முடியும், வேலை முடிந்தபின் அதனை நாள்தோறும் கவனிப்பவர் யார் — இவ்வேழு வினாக்களுக்கும் விடை அத்தாளில் இருத்தல் வேண்டும். “நூல் வாங்கிச் சென்றவர்களில் யார் திருப்பித் தரவில்லை என்பதை அறிய மாதந்தோறும் இரண்டு மாலைப்பொழுது செலவாகிறது, இதனை எளிதாக்க வேண்டும்” என்று எழுதினால், உதவ வருபவருக்குச் செய்யவேண்டியது உடனே விளங்கிவிடும். நோயைச் சொல்லாமல் மருந்தைக் கேட்பவனுக்கு நல்ல மருத்துவனும் உதவ இயலாது.

இனித் துணை கிடைக்கும் இடங்களைக் காண்போம். முதலாவது, அருகிலுள்ள கல்லூரிகள். 1969 ஆம் ஆண்டில் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் இன்று நாடெங்கும் நடைபெறுகிறது. அதில் சேர்ந்த மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சமூகப்பணி ஆற்றவேண்டும். நூற்பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றுதல், பழைய படங்களையும் மலர்களையும் ஒளிவருடிப் பாதுகாத்தல், முதியோருக்குக் கைப்பேசிப் பயன்பாட்டைக் கற்பித்தல் போன்றவற்றுக்கு இம்மாணவர் மிகவும் ஏற்றவர். கல்லூரியின் திட்ட அலுவலருக்கு முறையாக ஒரு கடிதம் எழுதி அவர்களை அழைக்கலாம். ஆயினும் மாணவர் தேர்வு வந்தால் சென்றுவிடுவர். படிப்பு முடிந்தால் ஊரைவிட்டே போய்விடுவர். எனவே தொடங்கி முடித்துவிடத்தக்க வேலைகளையே அவர்களிடம் ஒப்புவித்தல் வேண்டும். பணம் கையாளும் கணக்கு முறையை அவர்கள் பொறுப்பில் விடுதல் கூடாது.

இரண்டாவது, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர். மென்பொருளை யாவரும் பயன்படுத்தவும், அதன் அமைப்பைக் கற்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தருவதே கட்டற்ற மென்பொருள். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பு 2001 ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் இன்று இத்தகைய மென்பொருளே பயிலப்படுகிறது. ஆதலால் அம்மாநிலத்தில் வாழும் தமிழருக்கு இதில் பழகிய ஆசிரியர் ஒருவரைக் கண்டுபிடிப்பது அரிதன்று. ஐதராபாத்தில் ஸ்வேச்சா என்னும் அமைப்பினர் தெலுங்கு மொழிக்காகவும் பொதுமக்களுக்காகவும் இத்துறையில் உழைத்து வருகின்றனர். பெருநகரங்கள் பலவற்றில் லினக்ஸ் பயனர் குழுக்கள் கூடுகின்றன. அவர்களுடைய கூட்டத்துக்கு நம் ஒற்றைத் தாளுடன் ஒருவர் சென்று பேசினாலே பல வழிகள் தென்படும்.

கட்டற்ற மென்பொருள் சிறு அமைப்புக்கு எவ்வாறு பயன்படும் என்பதற்குக் கோஹா ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்னும் வட்டாரத்தில் ஒரு சிறிய நூல்நிலைய அறக்கட்டளை இருந்தது. அவர்கள் பயன்படுத்திவந்த பழைய மென்பொருள் 2000 ஆம் ஆண்டு பிறந்ததும் தேதியைச் சரிவர அறியாது என்பது 1999 இல் தெரியவந்தது. புதிதாக ஒன்றை வாங்குவதற்குப் பதிலாக, கட்டிப்போ என்ற நிறுவனத்தை அமர்த்தித் தமக்கென ஒரு நூலக மென்பொருளை எழுதச் செய்தனர். 2000 ஜனவரியில் அது வழக்கத்துக்கு வந்தது. பின்னர் அதனை உலகத்தார் அனைவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டுவிட்டனர். இன்று நம் நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் அதனையே பயன்படுத்துகின்றன. நூல்நிலையப் பணியில் அதனைப் பழகியவர் நம் நகரங்களில் பலர் உளர். ஆனால் இருநூறு நூல் உடைய சங்கத்துக்கு அது வேண்டியதில்லை. அதற்கு லிபர் ஆபீஸ் போன்ற இலவச மென்பொருளில் ஓர் அட்டவணை போதும். ஐயாயிரம் நூல் உடைய சங்கம் கோஹாவைக் கருதலாம். கருவி பணிக்கேற்ற அளவினதாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பெரிய நிறுவனங்கள் அறநிலையங்களுக்கு வழங்கும் சலுகைகள். கூகுள், மைக்ரோசாப்ட் முதலியவை தம் சேவைகளில் சிலவற்றைப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தருகின்றன. இவற்றைப் பெறச் சங்கம் முறையாகப் பதிவு பெற்றிருத்தல் இன்றியமையாதது. பல மாநிலங்களில் 1860 ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படியும், கர்நாடகத்தில் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், மேற்கு வங்கத்தில் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் பதிவு நிகழ்கிறது. மராட்டியத்தில் 1950 ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டமும் உண்டு. பதிவுச் சான்று, விதிமுறைகளின் படி, நிர்வாகிகளின் அண்மைப் பட்டியல், சங்கத்தின் பெயரில் உள்ள வருமானவரி நிரந்தர எண், தணிக்கை செய்த கணக்கு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருத்தல் நன்று. நிதி ஆயோக்கின் தர்பண் தளத்திலும் சங்கத்தைப் பதிந்துகொள்ளலாம். ஆயினும் இலவசம் என்றும் நிலைப்பதன்று. மைக்ரோசாப்ட் நிறுவனம் தான் இலவசமாக அளித்துவந்த உரிமங்களுள் சிலவற்றை 2025 ஆம் ஆண்டில் நிறுத்திக்கொண்டது. எனவே எந்தச் சேவையை ஏற்றாலும், அது நின்றுபோனால் நம் ஏடுகளை எவ்வாறு வெளியே எடுப்பது என்பதை ஏற்கும் நாளிலேயே கேட்டறிதல் வேண்டும்.

நான்காவது, தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135 ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளில் செலவிட வேண்டும் என்கிறது. இதைக் கேட்டுப் பல சங்கத்தார் ஆவல் கொள்வர். ஆனால் இந்நிதியை நேரே பெற்று வேலை செய்யும் அமைப்புக்கு வருமானவரிச் சட்டத்தின்கீழ் அறநிறுவனப் பதிவும், மூன்று ஆண்டு அனுபவமும், 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த தனிப் பதிவும் வேண்டும். விழா நடத்தும் சிறு சங்கத்துக்கு இது எட்டாக்கனியாக இருக்கலாம். அதனினும் எளிய வழி, அந்நிறுவனங்களில் பணியாற்றுவோரின் நேரத்தைக் கேட்பது. பல நிறுவனங்கள் தம் ஊழியரைத் தொண்டுக்கு ஊக்குவிக்கின்றன. பூனா, பெங்களூர், ஐதராபாத், நொய்டா ஆகிய இடங்களில் மென்பொருள் துறையில் உள்ள தமிழ் இளைஞர் ஆயிரக்கணக்கானோர். சங்க விழாவுக்கு வந்து உணவருந்திச் செல்லும் அவர்களிடம், “ஒரு சனிக்கிழமை தர இயலுமா?” என்று இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதே பல இடங்களில் உண்மை நிலை.

ஐந்தாவது வழி, கட்டணம் கொடுத்து உள்ளூர்த் தொழில்நுட்பரை அமர்த்துவது. இதனை இழிவாகக் கருதுதல் பிழை. நாள்தோறும் தேவைப்படும் கணக்கு முறை, பணம் பெறும் ஏற்பாடு முதலியவற்றுக்குக் கட்டணம் பெற்றுப் பொறுப்பேற்பவரே ஏற்றவர். விழா மேடைக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கை இதற்கென வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கிவைத்தல் நன்று.

தமிழர் என்ற முறையில் நமக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. உதவிக்கு வருபவர் குஜராத்தியராகவோ வங்காளியராகவோ இருக்கலாம். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இருபது ஆண்டுகளுக்கு முன் நம் சங்கங்கள் வெளியிட்ட மலர்களின் கோப்புகளைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக உரோமானிய எழுத்துகள் பொருளின்றிச் சிதறிக்கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அவர் அழித்துவிடவும் கூடும். உண்மையில் அது கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும், 1999 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட டாம், டாப் குறியீடுகளிலும் எழுதப்பட்டவை அவை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் தமிழ் 1991 முதலே இடம் பெற்றுள்ளது. தமிழ்நாடு அரசும் 2010 இல் அதனை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் உள்ளன. எனவே உதவியாளரிடம் முதல்நாளே இரண்டு செய்திகளைச் சொல்லவேண்டும்: எந்தப் பழைய கோப்பையும் நம்மைக் கேளாமல் அழிக்கலாகாது, இனி எழுதுவனவெல்லாம் யூனிகோடில் இருத்தல் வேண்டும். மாற்றுவதை அவர் செய்யட்டும். மாற்றியதைப் படித்துப் பிழை திருத்துவது தமிழறிந்த நம் கடமை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். கணிப்பொறி விஷயத்தில் பல்லைப் பார்த்தேயாகவேண்டும். அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய பொறிகள் நன்கொடையாக வருவதுண்டு. அவற்றில் பலவற்றிலுள்ள விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. அத்தகைய பொறியில் லினக்ஸ் முறையை நிறுவிக்கொள்வது ஒரு நல்ல வழி. அதற்கும் உதவாத பொறியை வாங்காமல் மறுத்துவிடலாம். வாங்கிவிட்டால் அதனை முறைப்படி அகற்றும் சுமையும் நம்முடையதாகிறது. வெளிநாட்டிலுள்ள அன்பர் பணமோ பொருளோ அனுப்ப முன்வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2010 ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பொருள்களையும் உட்கொண்டது. அதன்கீழ் அனுமதி பெறாத சங்கம் அவற்றை ஏற்றல் சட்டத்துக்கு மாறாகும்.

வஞ்சகரும் உதவியாளர் வேடத்தில் வருவர். தாமாகவே தொலைபேசியில் அழைத்து, “உங்கள் கணிப்பொறியில் கோளாறு இருக்கிறது, நான் இங்கிருந்தே சரிசெய்கிறேன்” என்று கூறி, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவரை ஒருபோதும் நம்பலாகாது. பண இழப்பு நேர்ந்தால் தாமதியாமல் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும். நன்கொடை பெறும் கட்டக்குறி பொருளாளரின் சொந்தக் கணக்குக்குச் செல்லாமல், சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே செல்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் மொழி. உதவி பெற்ற ஏழை மாணவரின் விவரங்களும் ஆதார் நகல்களும் நம்மிடம் அடைக்கலப் பொருள்கள். தனிநபர் தரவுகளைக் காக்க 2023 இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியுள்ளது. உதவியாளரிடம் கணிப்பொறியைக் காட்டலாம், இவ்விவரங்களைக் காட்டவேண்டியதில்லை.

எல்லாவற்றினும் முதன்மையானது உடைமை பற்றியது. இணைய முகவரி விலைக்கு வாங்கும் நிலம் போன்றதன்று. ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுப்பது. அக்குத்தகை சங்கத்தின் பெயரிலும், சங்கத்தின் பொது மின்னஞ்சலிலும் இருத்தல் வேண்டும். அமைத்துத் தந்த அன்பர் பெயரில் இருத்தலாகாது. மேற்சொன்ன கோஹாவுக்கே இவ்விடர் நேர்ந்தது. அதன் இணைய முகவரி பின்னாளில் ஒரு வணிக நிறுவனத்தின் கையில் போய்விடவே, அதனை உருவாக்கி வளர்த்த சமூகத்தார் வேறு முகவரிக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. அத்துணைப் பெயர் பெற்ற முயற்சிக்கே இந்நிலையென்றால், நம் சிறு சங்கம் விழிப்புடன் இருக்கவேண்டுமென்று சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே ஒவ்வொரு சங்கமும் “ஒப்படைப்பு ஏடு” ஒன்றை வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறோம். எந்தச் சேவை எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, எந்த நாளில் கட்டணம் கட்டவேண்டும், கோளாறு நேர்ந்தால் யாரை அழைப்பது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். கடவுச்சொற்களை ஓர் உறையிலிட்டு முத்திரை வைத்து, காரியதரிசியிடமும் தலைவரிடமும் ஒவ்வொரு படி இருக்கச் செய்யலாம். நிர்வாகக் குழு மாறும் பொதுக்கூட்டத்தன்று கணக்குப் புத்தகத்தோடு இவ்வேட்டையும் கைமாற்றி, அன்றே கடவுச்சொற்களை மாற்றிவிடல் வேண்டும். மாதம் ஒருமுறை எல்லா ஏடுகளையும் தனி வட்டு ஒன்றில் படியெடுத்து வேறொருவர் வீட்டில் வைக்கவேண்டும். ஆண்டுக்கொரு முறை அப்படியைத் திறந்து, அது படிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று சோதிப்பதும் இன்றியமையாதது. திறந்து பாராத படி இருந்தும் பயனில்லை. இவை எல்லாம் வெளியார் துணையின்றியே இவ்வாரம் தொடங்கக்கூடியவை.

உதவ வருபவரை நாம் நடத்தும் முறையும் கவனிக்கத்தக்கது. இலவசமாகச் செய்கிறார் என்பதற்காக எல்லையின்றி வேலை வாங்கினால் அவர் மீண்டும் வாரார். வேலை இன்னது, முடியும் நாள் இது, நம் தரப்பில் விடை சொல்பவர் இவர் என ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்புக்கொள்வது இருபாலாருக்கும் நன்று. பயணச் செலவை நாமே கேட்டுக் கொடுப்பது பண்பு. வேலை முடிந்ததும் அதனைச் செய்த முறையை நம்மவர் இருவருக்குக் கற்பித்துச் செல்லுமாறு வேண்டிக்கொள்ளவேண்டும்.

கோஹா என்பது மாவோரி மொழிச் சொல். வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்வார் என்னும் எதிர்பார்ப்போடு கூடிய நன்கொடையை அது குறிக்கும். நம் மொய் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இக்கருத்துப் புதிதன்று. உதவி பெற்ற சங்கம் தன் ஒப்படைப்பு ஏட்டின் மாதிரியை அண்டை நகரத்துச் சங்கத்துக்கு அனுப்பலாம். தான் பழகிய மென்பொருளுக்குத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதி வெளியிடலாம். தொழில்நுட்பரைப் பங்கிட்டுக்கொள்ளப் பிறமொழிச் சங்கங்களையும் அழைக்கலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நேயர்கள் ஒரு வினாவை எழுப்புவார்களாக: நம் காரியதரிசிக்கு நாளை மாற்றல் வந்தால், நாளை மறுநாள் சங்கத்தின் ஏடுகளைத் திறக்கக்கூடியவர் யார்? அதற்கு இரண்டு பெயர்களைச் சொல்ல முடிந்தால் சங்கம் நல்ல நிலையில் இருக்கிறது. சொல்ல முடியாவிடில், தேவையை எழுதும் ஒற்றைத் தாளை அக்கூட்டத்திலேயே எழுதத் தொடங்கலாம்.